சக்கர வீட்டிலே ஒரு குளிர்ப்பெட்டி

அவுஸ்திரேலிய நாட்டிலே விடுமுறை வந்துவிட்டால், மக்கள் குடியிருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு மற்றொரு வீட்டைக் காரின் பின்னே கொழுவிக்கொண்டு புறப்பட்டு விடுவார்கள். இந்தச் சக்கர வீட்டுக்குக் கரவன் என்று பெயர். படுக்கை, அடுப்பு, மேசை, கைகழுவுந் தொட்டி யாவும் அதற்குள்ளே அடக்கம். ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் ஆண்டின் பெரும்பகுதியை இவ்வாறு தெருவிலேயே கழிக்கின்றனர். ‘நரைத்த நாடோடிகள்’ என்று அந்நாட்டார் அவர்களுக்கு ஒரு செல்லப் பெயரும் இட்டிருக்கின்றனர்.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நாமும் சில நாள் நாடோடிகளானோம். எமது தம்பி மெல்பேர்ண் நகரில் வசிப்பவர். அவர் ஒரு கரவனை வாடகைக்கு எடுத்து, தாயார், எமது துணைவியார், நாம் ஆகிய மூவரையும் ஏற்றிக்கொண்டு, வடமேற்கே 800 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரைக் காட்டப் புறப்பட்டார். வெள்ளியும் ஈயமும் நாகமும் விளைந்த பூமி அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்தும், அம்மாநிலத்தின் கடிகாரத்தை ஒப்புக்கொள்ளாது, அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவின் நேரத்தையே பின்பற்றும் விசித்திரமான ஊருங்கூட.

காட்சிகளைப் பற்றி எழுதுவது இன்று எம் நோக்கமன்று. அப்பயணம் முழுவதும் எம்மை வாட்டியது கரவனுக்குள் இருந்த ஒரு சிறு குளிர்ப்பெட்டியே. பாலும் மரக்கறியும் கெட்டால் கடையில் வாங்கலாம். எமது தாயாரோ நீரிழிவு நோயாளி. நாள் தவறாது இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். பேனாவிலே ஒன்று, கைவசம் மேலும் ஐந்து என ஆறு மருந்துக் குழல்கள் அவரோடு வந்தன. திறவாத இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையே வைத்திருத்தல் வேண்டும். பெரும்பாலான வகைகள் 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். மார்கழி மாதமோ அந்நாட்டிற் கடுங்கோடை. வெயிலில் அடைத்து நிறுத்திய கரவனுக்குள்ளே வெப்பம் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முதல் நாட் காலை, வாடகைக்குக் கொடுத்தவர்கள் பெட்டியின் முகப்பிலே இருந்த ஒரு திருகியைக் காட்டினார்கள். மூன்று நிலைகள்: வீட்டு மின்சாரம், காரின் 12 வோல்ற்று மின்சாரம், காஸ் சுவாலை. “ஓடும்போது காரின் மின்சாரம், தரித்து நிற்கும்போது மற்றவை” என்றார்கள். நாமும் தலையை அசைத்தோம். வீட்டுச் சமையலறையிலிருந்து இளஞ்சூட்டோடு வந்த குழம்புச் சட்டி, தண்ணீர்ப் போத்தல்கள், பால், மருந்து எல்லாவற்றையும் உள்ளே அடுக்கித் திருகியைத் திருப்பிவிட்டுப் புறப்பட்டோம். பென்டிகோ, ஓயன் என்னும் ஊர்களைக் கடந்து, கோதுமை அறுத்த வெற்றுவெளிகளினூடே நாள் முழுதும் ஓடி, மாலையில் மறீ ஆற்றங்கரையிலுள்ள மில்டூராவை அடைந்தோம். பெட்டியைத் திறந்தால் பால் திரைந்திருந்தது. உள்ளே கிடந்த வெப்பமானி 17 பாகை காட்டியது.

“தம்பி, என்ரை ஊசிமருந்து என்ன பாடு?” என்றார் தாயார். 17 பாகையால் ஒரு நாளிற் கேடு வராது என்று ஆறுதல் கூறினோம். ஆயினும் மறுநாள் இதைவிடக் கொடிய வெயிலுக்குள்ளே செல்லவேண்டும் என்பதை நினைக்க எமக்கே உறுதியில்லை.

இப்பெட்டியின் தன்மையை இங்கே சிறிது விளக்கல் வேண்டும். நம் வீடுகளில் ‘கிர்’ என்று ஓசையிடும் குளிர்ப்பெட்டிக்கு மோட்டார் உண்டு. கரவனில் இருந்த பெட்டிக்கு மோட்டாரும் இல்லை, ஓசையும் இல்லை. அதன் பின்புறத்தே உருக்குக் குழாய்கள் வளைந்து வளைந்து செல்கின்றன. அவற்றுள்ளே நீர், அமோனியா, ஐதரசன் என்னும் மூன்றும் அடைபட்டுள்ளன. அடியிலே சூடேற்றினால், நீரிற் கரைந்திருந்த அமோனியா ஆவியாகி மேலெழுந்து, மேலுள்ள குழாய்களிலே தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகின்றது. அத்திரவம் பெட்டியின் உட்புறத்துக்கு இறங்கி, ஐதரசன் நிறைந்த இடத்தை அடைந்ததும் மீண்டும் ஆவியாகின்றது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்தே உறிஞ்சிக்கொள்கின்றது. பின்னர் நீர் அமோனியாவைத் தன்னுட் கரைத்துக்கொண்டு அடிக்குத் திரும்புகின்றது. ஐதரசன் இருப்பதனாற் குழாய் எங்கணும் மொத்த அமுக்கம் சமமாகவே இருக்கும். ஆகவே தள்ளுவதற்கு ஒரு பம்பி தேவையில்லை. நெருப்பைக் கொடுத்துக் குளிரை வாங்கும் இந்த விந்தையை 1922ஆம் ஆண்டிலே வகுத்தவர்கள், சுவீடன் நாட்டுத் தலைநகரிலே பொறியியல் கற்ற இரு இளைஞர்கள்: பிளாற்றன், முண்டர்ஸ் என்போர். தொரொன்ரோவிலே முதன்முதலாக ஒரு நீரிழிவுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டதும் அதே 1922ஆம் ஆண்டின் தை மாதத்திலேதான். ஒன்றையொன்று அறியாது பிறந்த அவ்விரண்டும் எமது கரவனுக்குள்ளே ஒன்றாக இருந்தன.

மின்சாரம் இல்லாத நாட்களில் இலங்கையிலும் இவ்வினப் பெட்டிகள் மண்ணெண்ணெய் விளக்கில் இயங்கியதுண்டு. விளக்கைக் கொளுத்தி அடியிலே தள்ளினால் மேலே பனிக்கட்டி உறையும் என்று சொல்ல, நம்பாது சிரித்த மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

பெட்டி இத்தகையதாயின் அதன் குறையும் விளங்கும். அது மெல்ல மெல்லவே குளிர்விக்கும். வெறும் பெட்டி நன்கு குளிர்வதற்கே ஓர் இரவு வேண்டும். நாமோ புறப்படும் வேளையிலே அதைத் தொடக்கி, சூடான சட்டியையும் அதற்குள் வைத்தோம். காரின் மின்சாரம் உள்ள குளிரைக் காக்குமேயன்றி இல்லாத குளிரைப் புதிதாக உண்டாக்கப் போதாது. முதல் நாள் மாலையிலேயே தம்பியின் வீட்டு மின்சாரத்திற் கொழுவி, வெறுமையாகக் குளிரவிட்டு, மறுநாட் காலையில் ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை அதற்குள் மாற்றியிருக்க வேண்டும்.

பிழை அதோடு முடியவில்லை. மில்டூராவிலே கரவன்கள் தரிக்கும் இடத்தில் எமக்கு அருகே ஒரு முதியவர் தம் மனைவியாருடன் தங்கியிருந்தார். ஓய்வு பெற்ற மின்தொழிலாளி. தாயார் படியில் அமர்ந்து கவலையோடு இருந்ததைக் கண்டு, என்ன சங்கதி என்று விசாரித்தார். கேட்டதும் ஒரு மானியை எடுத்துவந்து, காரை இயக்கச் செய்து, இரண்டு இடங்களில் அளந்தார். காரின் பற்றரியில் 13.8 வோல்ற்று. குளிர்ப்பெட்டியின் முனையில் 10.7. வழியிலே மூன்று வோல்ற்று மறைந்துவிட்டது!

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். அப்பெட்டியின் சூடாக்கி 12 வோல்ற்றிலே 168 உவாற்று வலுவுடையது. அதாவது 14 அம்பியர் மின்னோட்டத்தை விழுங்கும். காரின் முகப்பிலிருந்து கரவனிலுள்ள பெட்டிவரை பத்து மீற்றர், திரும்பிவரப் பத்து, ஆக இருபது மீற்றர்க் கம்பி. கம்பியின் மேல் ‘4 மில்லிமீற்றர்’ என்று பொறித்திருந்தது. முதியவர் அதைக் காட்டிச் சிரித்தார். வீட்டுக் கம்பிகளில் இலக்கம் செப்பின் குறுக்குவெட்டுப் பரப்பைக் குறிக்கும். அந்நாட்டுக் கார்க் கம்பிகளிலோ அது மேலுறையையும் சேர்த்த விட்டம்! உள்ளேயிருக்கும் செப்பு இரண்டு சதுர மில்லிமீற்றர்தானும் இல்லை. இருபது மீற்றருக்கு அதன் தடை 0.19 ஓம். கொழுவிகளின் தடையையும் கூட்டினால் ஏறத்தாழ 0.25 ஓம். அதனூடே பன்னிரண்டரை அம்பியர் ஓடினால் மூன்று வோல்ற்று இழக்கப்படுகின்றது. சூடாக்கியின் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு மாறுவதால், 12க்குப் பதிலாக 10.7 கிடைத்தபோது பெட்டி நூற்றுக்கு எண்பது பங்கு வலுவையே பெற்றது. எஞ்சியது கரவனின் தரைக்கடியிலே கம்பியைச் சூடாக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இருபது ஆண்டுகளாக ஓமின் விதியைக் கரும்பலகையிலே எழுதிவரும் நாம், ஒரு தொழிலாளி சுட்டிக்காட்டும்வரை அதை எமது சக்கர வீட்டிலே தேடவில்லை. வெட்கத்தை மறைக்க அவருக்குத் தேநீர் வார்த்துக் கொடுத்தோம். அவ்விரவு பெட்டியை வீட்டு மின்சாரத்திற் கொழுவினோம். காலையில் 4 பாகை. கார் மின்வேலை செய்யும் ஒரு கடையிலே பதின்மூன்றரைச் சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி போடுவித்தோம். அதன் பின் பெட்டியின் முனையில் 13 வோல்ற்று நின்றது.

“இனி நிறுத்தின இடத்திலையும் பற்றரியிலை விடலாமோ, அண்ணை?” என்று தம்பி கேட்டார். அது கூடாது. 14 அம்பியர் வீதம் விழுங்கும் பெட்டி நாளொன்றுக்கு 336 அம்பியர்-மணி கேட்கும். கரவன்களிலே சாதாரணமாகப் பூட்டும் ஈயப் பற்றரி 100 அம்பியர்-மணி கொண்டது. அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். மூன்றரை மணிநேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே இயந்திரம் நின்றதும் 12 வோல்ற்றையும் நிறுத்திவிடல் வேண்டும். மறுபுறத்தில், ஓடும்போது காஸ் சுவாலையை எரியவிடலாகாது. எரியும் சுவாலையோடு பெற்றோல் நிலையத்துள் நுழைவதை நினைத்தாலே போதும்.

முதியவரின் சொந்தக் கரவனிலே இருந்தது வேறு இனம்: 12 வோல்ற்று மோட்டார் பூட்டிய பெட்டி, நம் வீட்டுப் பெட்டியின் தம்பி எனலாம். அது இடைவிட்டு இடைவிட்டே ஓடுவதால் நாளொன்றுக்கு நாற்பது அம்பியர்-மணி அளவில் அமைகின்றது. கூரையில் 200 உவாற்றுச் சூரியத் தகடு ஒன்று இருந்தால், நல்ல வெயிலில் நாள்தோறும் அதை ஈடுசெய்துவிடலாம். சரிவில் நின்றாலும் அதற்குக் குறையில்லை. விலைதான் அதிகம். ஆவியை அழுத்திக் குளிர்விக்கும் இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர், மெல்பேர்ணுக்கு அருகேயுள்ள ஜீலோங்கில் 1850களிலே பனிக்கட்டி இயந்திரம் அமைத்த ஜேம்ஸ் ஹரிசன். அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். அச்செழுத்துகளை ஈதரினாற் கழுவும்போது உலோகம் குளிர்வதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது என்பர்.

மூன்றாம் நாள் வென்ற்வேர்த் ஊரிலே மறீயும் டார்லிங்கும் கூடுமிடத்தைப் பார்த்துவிட்டு, 40 பாகையைத் தாண்டிய வெயிலில் புரோக்கன் ஹில்லுக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் தரித்தோம். அங்கே மின்சாரம் இல்லை. காஸைக் கொளுத்தினோம். சுவாலை நீலமாக எரிந்தது, பெட்டியோ குளிரவில்லை. இரண்டு மணிநேரத்தின் பின்னரே காரணம் புலப்பட்டது. கரவன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பம்பியில்லாத பெட்டியில் திரவங்கள் தம் நிறையினாலேயே வடிந்து அடிக்கு வரவேண்டும். சாய்ந்தால் அவை வளைவுகளிலே தேங்கிவிடும். நீண்ட நேரம் அவ்வாறு எரியவிட்டால் குழாயே பழுதாகும். ஓடும்போது ஆட்டத்தினால் அவை எப்படியோ வடிந்துவிடுவதால் அத்தீங்கு இல்லை. மேசன்மாரின் இரசமட்டம் கையில் இல்லாததால், ஒரு கிளாசில் விளிம்புவரை தண்ணீர் வார்த்துத் தரையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சில்லின் கீழே பலகை செருகினோம். பின்னர் பெட்டியின் வெப்பம் வெளியேறும் துவாரங்கள் மேற்கு வெயிலைப் பார்த்து நிற்பதைக் கண்டு, முழுக் கரவனையும் மறுபடி கொழுவித் திருப்பிக் கிழக்கு முகமாக நிறுத்தினோம். தம்பிக்குச் சற்றுக் கோபம்.

அன்றிரவு எமது கவலை எம்மைப் பெரிய பிழைக்குள் தள்ளிற்று. குளிர் போதாது போதாது என்ற அச்சத்தில் திருகியை உச்சத்தில் வைத்தோம். மருந்துக் குழல்களை எடுத்து, மிகக் குளிர்ந்த இடமே மிகப் பத்திரமான இடம் என்று எண்ணி, பின்சுவரிலுள்ள உலோகச் செதில்களோடு ஒட்டவைத்தோம். பாலைநில இரவு விரைந்து குளிரும் என்பது நினைவுக்கு வரவில்லை. பகலின் 40 பாகைக்காக வைத்த சுவாலை, குளிர்ந்த இரவிலும் அவ்வாறே எரிந்தது. விடியற்காலையில் தண்ணீர்ப் போத்தலிலே பனிக்கட்டி. குழல்களும் உறைந்திருந்தன.

வெப்பம் இன்சுலினை மெல்லக் கெடுக்கும். உறைதல் ஒரே முறையிற் கெடுத்துவிடும். உருகிய பின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதை ஏற்றலாகாது. செய்தியைத் தாயாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாது வாசலில் நின்றோம். அப்பொழுதுதான் எமக்கு வேறொன்று உறைத்தது. கையில் எடுத்தவை மூன்றே. ஐந்து இருக்கவேண்டுமே!

“மிச்சம் ரெண்டும் இஞ்சை இருக்கு” என்றார் தாயார். யன்னலோரத்திலே, காற்றுப்படும் இடத்தில், ஈரத்துணி சுற்றிய ஒரு சில்வர்ச் செம்பு இருந்தது. துணியின் நுனி ஒரு தண்ணீர்க் கோப்பைக்குள் தொங்கியது. மில்டூராவில் பால் திரைந்த அன்றைக்கே, எவருக்கும் சொல்லாமல், இரண்டைப் பிரித்தெடுத்து அதற்குள் வைத்திருக்கிறார். “உந்தப் பெட்டியை நம்பி எல்லாத்தையும் ஒண்டுக்குள்ளை வைக்கலாமே? அப்பாவின்ரை மருந்தை நான் எப்பிடி வைச்சிருந்தனான் எண்டு நீ மறந்துபோனாய்” என்றார்.

மறக்கவில்லை, நினைக்கவில்லை. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எமக்குப் பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை. அதன் பின் ஆண்டுக்கணக்காக இருள். தந்தையாரும் நீரிழிவு நோயாளி. எங்கோ அலைந்து பெற்றுவந்த ஒரு சிறு மருந்துக் குப்பியை, வாய் கட்டிய பொலித்தீன் பையிலிட்டு, மணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து, பானையைக் கிணற்றடி நிழலில் வைப்பார் தாயார். காலையும் மாலையும் அம்மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது எமது கடமை. விளையாட்டு மும்முரத்தில் ஒரு நாள் தவறவிட்டு நல்ல அடி வாங்கியிருக்கிறோம். தந்தையார் அவ்வாண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்.

செம்புக்குள் வெப்பமானியை இட்டுப் பார்த்தோம். நண்பகலில் வெளியே 40 பாகை, செம்புக்குள் 24. இதில் மாயம் எதுவுமில்லை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகின்றது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக ஆவியாகின்றது. 40 பாகையில் ஈரப்பதன் நூற்றுக்கு 15ஆக இருந்தால், ஈரக்குமிழ் வெப்பமானி 21 பாகை அளவுக்கு இறங்கும். யாழ்ப்பாணத்திலே 32 பாகையும் ஈரப்பதன் 75உம் உள்ள நாளில் அது 28க்குக் கீழே வராது. தாயாரின் உபாயம் எமது ஊரைவிட அந்தப் பாலைநிலத்துக்கே ஏற்றது. அந்நாட்டாரும் அதை அறிந்தவர்களே. மேற்கு அவுஸ்திரேலியாவின் கூல்கார்டியில் 1892இல் பொன் கண்டுபிடிக்கப்பட்ட பின், அங்கே குவிந்த மக்கள் சணற்சாக்குச் சுற்றிய ஒரு சட்டப்பெட்டியின் மேல் தண்ணீர்த் தட்டை வைத்து, துணிநாடாக்களால் நீரைச் சாக்கில் ஊறவிட்டு, இறைச்சியையும் வெண்ணெயையும் காத்தனர். கூல்கார்டிப் பெட்டி என்று அதற்குப் பெயர். பின்னாளிற் பல வீடுகளிலே அது இருந்தது.

தாயாருக்கு நாளொன்றுக்கு 40 அலகு வேண்டும். ஒரு குழலில் 300 அலகு. பேனாவில் எஞ்சியதும் செம்பிலிருந்த இரண்டும் பயணம் முடியுமட்டும் போதுமானவை. உறைந்த மூன்றையும் நகரிலுள்ள ஒரு மருந்துக்கடையிலே அழிப்பதற்கென்று கொடுத்தோம். தாயார் அவற்றை இலேசிற் கைவிடவில்லை. “காசு கொடுத்து வாங்கினது” என்று கடை வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அன்று தொடக்கம் திருகியை நடுவிலே வைத்து, இரவிற் படுக்குமுன் மேலும் குறைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்தே நடந்தோம். மீண்டும் மெல்பேர்ண் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் 5 பாகை.

2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் இலங்கை எங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்ததை வாசகர்கள் மறந்திரார்கள். யாழ்ப்பாணத்து வீட்டிலே, மின்சாரம் இருக்கும் வேளையில் போத்தல்களிலே தண்ணீரை உறையவைத்து, அவற்றைக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் அடுக்கி, மருந்தைக் கதவுத் தட்டுக்கு மாற்றி, கதவை ஒருவரும் திறவாதபடி ஒரு கயிற்றாலும் கட்டினோம். ஏழு மணிநேரத்தின் பின் உள்ளே 9 பாகை. தாயாரின் ஈரத்துணிச் செம்பிலே 29. அவரிடம் இரண்டு அளவையும் காட்டினோம். பார்த்துவிட்டு, ஒரு குழலை மட்டும் செம்பிலேயே விட்டுவைத்தார்.